தாய்மைக் கவிதையில் 'தாய்மை' என்ற சொல் வேண்டுமா? (மும்பைத் தமிழர் கவிதைத் திண்ணை)

முலுண்ட்வாசி | திங்கள், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கும்போது நிறைய கவிதை எழுதுவேன். அப்புறம் வேலை, கல்யாணம், மும்பை. ஏழெட்டு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. இப்போது மகளுக்கு ஏழு மாதம். 26 வார விடுப்பு முடிந்து போன மாதம்தான் மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்தேன். எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு தவிப்பு வந்திருக்கிறது. அவள் தூங்கின பிறகு இதை எழுதினேன். படித்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

உயிரின் உயிராய் வந்தவளே
என் கருவறைக் கோயிலின் தெய்வமே
உன் ஒற்றைச் சிரிப்பில்
என் களைப்பெல்லாம் பறந்ததடி
தாய்மை என்னும் தவத்தில்
மெழுகாய் உருகுகிறேன் நான்

எழுதி முடித்ததும் அழுகை வந்தது. காலையில் எடுத்துப் படித்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. ஏன் என்று புரியவில்லை.

உரைகல் | திங்கள், இரவு 11.48

முதலில் வாழ்த்துகள். ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு ஆபீஸும் போய்க்கொண்டு ராத்திரி உட்கார்ந்து ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம். கவிதையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், என் பெண்ணுக்குப் பரீட்சை.

காலண்டர் தாள் | செவ்வாய், காலை 5.35

உனக்கு என் பெண் வயசுதான் இருக்கும், அதனால் நீ என்றே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ராத்திரி அழுகை வந்தது என்றாயே, அது உண்மை. ஆனால் அந்த அழுகை உனக்குள்ளே இருந்தது, காகிதத்தில் இறங்கவில்லை. அதனால்தான் காலையில் பார்க்கும்போது காகிதம் வெறுமையாக இருந்திருக்கிறது. நான் எனக்கு வைத்திருக்கிற ஒரு சோதனை சொல்கிறேன். இந்த ஆறு வரியை உன் எதிர் பிளாட்டுக்காரி எடுத்துத் தன் பிள்ளைக்குப் பாடினால் ஒரு எழுத்தாவது மாற்ற வேண்டியிருக்குமா? வேண்டாம். அப்படியே பொருந்தும். அவள் பிள்ளை ஆணாக இருந்தால் 'வந்தவளே'யை 'வந்தவனே' என்றும் 'பறந்ததடி'யை 'பறந்ததடா' என்றும் ஆக்கினால் போதும். அப்படியென்றால் உன் மகள் இதில் எங்கே?

கோயில், தெய்வம், தவம், மெழுகு. இந்த நாலும் நீ பார்த்தது இல்லை, கேட்டது. மேடையிலும் அன்னையர் தினத்து வாட்ஸ்அப்பிலும் கேட்டுக் கேட்டு நம் எல்லாருக்கும் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிற சொற்கள். அவற்றை வைத்துவிடு. நேற்று என்ன நடந்தது? கவிதையாக வேண்டாம், சும்மா சொல்.

தண்ணீர் வந்துவிட்டது, பிடித்து வைத்துவிட்டு வருகிறேன்.

வெண்பா விரும்பி | செவ்வாய், காலை 7.10

மாமி சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு பழைய உதாரணம் தருகிறேன். புறநானூற்றில் 188ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. பாடியவன் அரசன், ஆனால் பாட்டில் அரண்மனை இல்லை. சோற்றுத்தட்டுக்கு முன்னால் ஒரு குழந்தை:

குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி,
இட்டும், தொட்டும், கவ்வியும், துழந்தும்,
நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்

எத்தனை வினை பாருங்கள். நடக்கிறது, கையை நீட்டுகிறது, சோற்றை இறைக்கிறது, தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. இந்த வரிகளில் 'அழகு' இல்லை, 'செல்வம்' இல்லை, குழந்தைக்கு உவமையே இல்லை. குழந்தை என்ன செய்கிறதோ அதைச் சொல்லிக்கொண்டே போகிறான், அவ்வளவுதான். இன்றைக்கும் எந்த வீட்டில் ரசஞ்சாதம் ஊட்டினாலும் இதே காட்சி. உங்கள் ஆறு வரியில் மகள் செய்கிற ஒரே காரியம் சிரிப்பது. மற்ற வினையெல்லாம் உங்களுடையவை.

முலுண்ட்வாசி | செவ்வாய், இரவு 10.55

மாமி, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. எதிர் பிளாட் சோதனை நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, நடந்ததைச் சும்மா சொல்கிறேன்.

நான் 8.14 ஸ்லோவில், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற லோக்கல் ரயிலில், போகிறவள். லேடீஸ் டப்பாவில் முலுண்டிலேயே உட்கார இடம் கிடைக்காது. நேற்று நாலாவது இருக்கை கிடைத்தது, அதாவது மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு. குர்லாவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். நெரிசலில் அது வீறிட்டு அழுதது. எனக்குப் பால் சுரந்துவிட்டது. யாரோ பெற்ற குழந்தை, முகம்கூட எனக்குத் தெரியவில்லை, அழுகைதான் கேட்டது. ரவிக்கை முன்பக்கம் நனைந்து புடவையிலும் இறங்கிவிட்டது. அன்றைக்கு மீட்டிங் என்று புடவை கட்டியிருந்தேன். பையை முன்னால் அணைத்துக்கொள்ளலாம் என்றால் பை மேலே தட்டில் இருக்கிறது, எழுந்தால் சீட் போய்விடும். எதிரே கிளிப், தோடு விற்கிற அம்மா நின்றுகொண்டிருந்தாள். தோடெல்லாம் குத்தி வைத்த பெரிய அட்டை இருக்குமே, அதை என் முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மராத்தியில் 'எத்தனை மாதம்?' என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றேன். தாதர் வரைக்கும் அப்படியே நின்றாள். குர்லாவுக்கும் தாதருக்கும் இடையில்தான் டப்பா நிரம்பும், அவளுக்கு வியாபார நேரம். ஒன்றும் விற்கவில்லை.

ஆபீஸில் பால் எடுக்க ஸ்டேஷனரி வைக்கிற அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்காருவேன். இதெல்லாம் கவிதையா?

தொண்ணூறடி ரோடு | செவ்வாய், இரவு 11.15

அக்கா, நீங்கள் கேட்கிற கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். 'பாதி உடம்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, சீட்டைப் பற்றித்தான் சொன்னீர்கள். எனக்கு வேறு என்னென்னமோ தோன்றியது. அந்த அட்டை போதும் அக்கா. மற்றதை விட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

உரைகல் | புதன், காலை 6.40

ஆமாம், அட்டை. அந்த ஸ்டேஷனரி அறையும் முட்டுக் கொடுத்த நாற்காலியும் தனிக் கவிதை, இதோடு சேர்க்காதீர்கள். ஒரு கவிதைக்கு ஒரு ரயில் பெட்டி போதும்.

முலுண்ட்வாசி | புதன், இரவு 11.30

எழுதிப் பார்த்தேன்.

குர்லாவில் ஏறியவள் தோளில்
யாருடைய குழந்தையோ அழுதது.
என் ரவிக்கை நனைந்தது.

வீட்டில் என் மகள்
இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள்.
பாலுக்கு அது தெரியவில்லை.

கிளிப் விற்கிறவள்
தன் அட்டையை என் முன்னால் பிடித்தாள்.
"எத்தனை மாதம்?"
"ஏழு."

தாதர் வரைக்கும்
எதையும் விற்கவில்லை அவள்.

அவளும் ஒரு தாய்தானே
தாய்மைக்கு ஏது மொழி, ஏது சாதி?

காலண்டர் தாள் | வியாழன், காலை 5.20

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'பாலுக்கு அது தெரியவில்லை' என்று ஒரு வரி. எனக்கு 68 வயது, மூன்று பெற்றவள், இதை நான் எழுதவில்லையே என்று இருக்கிறது.

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடு. அவள் தாய் என்று உனக்கு யார் சொன்னது? கேட்டாயா? அவளுக்குப் பிள்ளை இல்லாமலும் இருக்கலாம். தாயாக இருந்ததால்தான் உதவினாள் என்றால் அவள் செய்ததன் மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா? 'எதையும் விற்கவில்லை அவள்' என்று நீ நிறுத்தினால் படிக்கிறவள் அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வரி வந்தால் பார்வை அவளை விட்டு உன் கருத்துக்குப் போய்விடும்.

வாஷி வாசகர் | வியாழன், காலை 9.05

சகோதரியாக நினைத்துச் சொல்கிறேன். அனுபவம் உண்மையானது, நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ரவிக்கை நனைவதையெல்லாம் பொதுவில் எழுதத்தான் வேண்டுமா? தாய்மையைப் பற்றி எழுதும்போது ஒரு மறைவு, ஒரு கண்ணியம் நம் மரபில் உண்டு. உங்கள் மகள் பெரியவளாகி இதைப் படிக்கும்போது கூச்சப்படுவாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

காலண்டர் தாள் | வியாழன், மதியம் 2.15

மரபு என்று சொன்னதால் பதில் சொல்கிறேன். மாட்டுங்காவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் மாமனார் தினம் காலையில் பிரபந்தம் சேவிப்பார். பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்து, இரண்டாம் திருமொழி. யசோதை கண்ணனைப் பால் குடிக்க எழுப்புகிறாள். 'அரவணையாய் ஆயரேறே அம்மம் உண்ணத் துயிலெழாயே' என்று தொடங்கும். ராத்திரியும் குடிக்காமல் தூங்கிவிட்டாய், இன்றைக்கு உச்சிப்பொழுதும் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, 'வன முலைகள் சோர்ந்து பாய' என்கிறாள். பால் கட்டித் தானாக வழிகிறது, வந்து குடி என்று கூப்பிடுகிறாள். பாடியவர் ஆழ்வார். கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் எல்லாரும், மாமனார், மாமியார், மைத்துனர்கள், கைக்குழந்தையோடு நான். யாரும் கூச்சப்படவில்லை. எனக்கு அன்றைக்குப் பால் கட்டிக் காய்ச்சல். யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தேன். அந்த வரி வந்ததும் இது பாட்டிலேயே இருக்கிறதே என்று மனசு லேசாயிற்று.

'அம்மம்' என்பது குழந்தை சொல்லுகிற சொல். அதை ஒரு பெரியவர் பாட்டுக்குள் கொண்டுவந்து பெருமாளுக்கு முன்னால் வைத்திருக்கிறார். ஆக, மறைவு மட்டும்தான் மரபு என்று சொல்ல வேண்டாம். மறைக்காததும் மரபுதான்.

மகள் கூச்சப்படுவாளா என்பது வேறு கேள்வி, நல்ல கேள்வி. அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

உரைகல் | வியாழன், இரவு 9.50

அதற்கு நான் எழுதுகிறேன், எனக்கு நடந்திருக்கிறது. என் மகளுக்கு இப்போது 12 வயது. அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவளை வைத்து எழுதிப் பகிர்ந்துகொண்டிருந்தேன். பல் விழுந்தது, சைக்கிளில் இருந்து விழுந்தது, எல்லாம். போன வருஷம் பெரியவள் ஆனாள். அன்றைக்கு ராத்திரியே ஒரு கவிதை எழுதிவிட்டேன். நல்ல கவிதை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா, இது உன்னோட கதையா, என்னோட கதையா?" என்று கேட்டாள். அந்தக் கவிதை பீரோவுக்குள் இருக்கிறது. அவள் சொன்னால்தான் வெளியே வரும்.

அதிலிருந்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். என் உடம்பு, என் களைப்பு, என் கோபம், என் சமையலறை இதெல்லாம் என்னுடையது, யாரிடமும் கேட்க வேண்டாம். அவள் உடம்பும் அவள் அவமானமும் அவளுடையது. முலுண்ட்வாசி எழுதியிருப்பது அவருடைய உடம்பைப் பற்றி. மகள் அதில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். பள்ளியில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ். அவளைப் பற்றி நான் எழுதுவதை அவளால் படிக்க முடியாது என்பது முதலில் எனக்குப் பெரிய வலியாக இருந்தது. இப்போது படித்துக் காட்டுகிறேன். அதனால் என் வரி மாறிவிட்டது. காதால் கேட்டுப் புரியாததை எழுதுவதில்லை. சில சொல்லுக்காகவே சில கவிதை எழுதுகிறேன். என் புனைபெயர் அப்படி வந்ததுதான். அம்மா ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த உரைகல் செம்பூர் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் அதில் இழைத்துத்தான் எனக்கு உரைமருந்து கொடுத்தார்களாம். என் மகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், கொடுக்கவில்லை. ஆனால் வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று ஒரு பேர் உண்டு, ராத்திரியில் அதன் பேரையே சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லாதது' என்பார்கள். ஒரு வேருக்கு இப்படி இரண்டு பேர் வைத்த பாஷையை அவளிடம் எப்படிச் சேர்ப்பது? மருந்து போகாவிட்டாலும் பேராவது போகட்டும் என்று ஒரு கவிதை எழுதினேன். கேட்டுவிட்டுக் கல்லை எடுத்து மோந்து பார்த்தாள்.

செவிலி | வெள்ளி, காலை 7.30

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எழுத வேண்டும் போல் இருக்கிறது.

வெண்பா விரும்பி ஐயா 188ஆம் பாட்டை எடுத்துக் காட்டினார். அந்தப் பாட்டின் முடிவை அவர் எழுதவில்லை. 'மயக்குறு மக்களை இல்லோர்க்குப் பயக்குறை இல்லைத் தாம் வாழும் நாளே.' பிள்ளை இல்லாதவர்கள் வாழ்கிற நாளுக்குப் பயனே இல்லை என்கிறான் அரசன். எனக்குப் பிள்ளை இல்லை. அக்கா போன பிறகு அவள் இரண்டு பிள்ளைகளையும் டோம்பிவிலியில் நான்தான் வளர்த்தேன். சின்னவன் என் கையால் சாப்பிடும்போது 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்' எல்லாம் செய்தான். அந்த வரிகளைப் படிக்கும்போது கண் நிறைகிறது. முடிவு வரும்போது முகத்தில் அடித்தது போல் இருக்கிறது. ஒரே பாட்டு.

முலுண்ட்வாசியின் கவிதையில் 'அவளும் ஒரு தாய்தானே' என்ற வரியைப் படித்தபோதும் அதே அடிதான். அதை எடுக்கச் சொன்ன மாமிக்கு நன்றி.

வெண்பா விரும்பி | வெள்ளி, காலை 8.45

அம்மா, மன்னிக்க வேண்டும். குழந்தை வரிகளைப் பாராட்டுகிற மும்முரத்தில் முடிவை விட்டுவிட்டேன். அந்தப் பாட்டை நாற்பது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை உங்கள் இடத்திலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் புனைபெயரைப் பார்த்ததும் குறுந்தொகை 167 நினைவுக்கு வந்தது. கூடலூர் கிழார் பாடியது. கல்யாணம் ஆகிப் போன பெண் புது வீட்டில் புளிக்குழம்பு வைக்கிறாள். கட்டித்தயிர் பிசைந்த விரலைக் கட்டியிருக்கிற துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், துணியை மாற்றவில்லை. தாளிக்கிற புகை கண்ணில் நிறைகிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறவள் செவிலி. அகப்பாட்டில் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற உரிமை பெற்றவளுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவும் வளர்த்தவளுக்கும் உண்டு. இந்தப் பாட்டில் வளர்த்தவள்தான் போய்ப் பார்க்கிறாள்.

செவிலி | வெள்ளி, இரவு 10.10

அந்தப் பாட்டைத் தெரிந்துதான் இந்தப் பேரை வைத்துக்கொண்டேன் ஐயா. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கணவன் 'இனிது' என்று சாப்பிட்டதும் அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்தது என்று முடிகிறது. பார்த்தவள் சொல்கிறாள், கேட்டவர் பாடுகிறார். புகைக்குள் நின்றவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. இப்போது நாம் எழுத வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். புகைக்குள் இருந்து எழுதுவது. முகம் மலர்ந்ததா, கண் எரிந்ததா, குழம்பு இறங்கினால் போதும் என்று இருந்ததா? இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கும்போது பாதி நாள் எனக்குக் கோபம்தான் இருந்தது. ஒரு நாள் பெரியவனைக் கரண்டியால் அடித்துவிட்டேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதை எந்தக் கவிதையிலும் எழுதவில்லை. அன்பைப் பற்றி எழுதினதெல்லாம் அதனால்தான் நொண்டுகிறது.

முலுண்ட்வாசி | சனி, அதிகாலை 3.40

பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன். செவிலி அக்கா, அந்தக் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டேன். அவளைத் தாய் என்று எழுதியதில் யாரை வெளியே நிறுத்துகிறேன் என்று யோசிக்கவே இல்லை. மன்னியுங்கள்.

கோபத்தைப் பற்றி நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு நான் தனியாக இல்லை என்று இருக்கிறது. முந்தாநாள் இதே நேரத்தில் அவள் ஒன்றரை மணி நேரம் அழுதாள். தொட்டிலை ஆட்டுகிற வேகம் கூடிப்போனது எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டு, அவளைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு, பால்கனியில் போய் நின்றேன். ஈரத்துணி முகத்தில் பட்டது. மழைக்கால முலுண்டில் குழந்தைக்குக் கட்டுகிற லங்கோடு மூன்று நாளானாலும் காயாது. அந்தக் காயாத துணிக்கு நடுவில் நின்றேன். இதையும் எழுதுவேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நேரம் எப்படிக் கிடைக்கிறது உங்களுக்கெல்லாம்?

காலண்டர் தாள் | சனி, காலை 5.30

கிடைக்காது. நேரம் கிடைத்ததும் எழுதலாம் என்றிருந்தால் பிள்ளைகள் கல்யாணமாகிப் போகும் வரைக்கும் எழுத முடியாது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

அடுக்களையில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும். காலையில் தேதி கிழித்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போடமாட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், உள்ளங்கை அளவு. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் பென்சில். ஒரு நாளைக்கு ஒரு தாள், அதில் கொள்ளும் அளவுதான். நாலு வரி, சில நாள் ஒரு சொல். 'பெரியவள் இன்றைக்கு நிலாவைப் பப்படம் என்றாள்.' அவ்வளவுதான். கவிதை ஆக்க வேண்டும் என்ற எண்ணமே கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன். ஒரு வருஷம் கழித்துக் கொட்டிப் பார்த்தால் முக்கால்வாசி ஒன்றுமில்லை. மீதிக் கால்வாசியில் பிள்ளைகள் அப்படியே இருப்பார்கள்.

முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், பின்பக்கம் என் பிள்ளை சொன்ன சொல். தேதி தானாகவே பதிந்துவிடுகிறது பார், அது பெரிய வசதி.

உனக்கு ரயிலில் கை ஒழியாது. போனில் பேசிப் பதிவு பண்ணிக்கொள். ஆனால் அன்றைக்கே ஒரு சொல்லாவது காகிதத்தில் இறக்கிவிடு. குரல் நிறைய சேர்ந்தால் திரும்பக் கேட்கவே தோன்றாது.

உரைகல் | சனி, காலை 10.20

மாமி சொல்வதுதான். நான் மாவரைக்கும் நேரத்தை வைத்திருக்கிறேன். கிரைண்டர் ஓடுகிற முக்கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் காதில் விழாது.

வாஷி வாசகர் | சனி, மாலை 6.00

நான் எழுதியதற்கு வந்த பதில்களையெல்லாம் படித்தேன். அந்தக் கவிதையை என் மனைவியிடம் காட்டினேன். எங்கள் பையனுக்கு இப்போது 22 வயது. படித்துவிட்டு, அவன் பிறந்து வேலைக்குத் திரும்பிப் போன ஆறு மாதமும் ஆபீஸ் கழிவறையில் பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டதைச் சொன்னாள். வீட்டில் குழந்தை டப்பாப் பால் குடித்துக்கொண்டிருந்தது. 22 வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. கண்ணியம் என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறடி ரோடு | சனி, இரவு 11.05

நான் அம்மா இல்லை, மகன். ஆனால் எனக்கும் இதில் ஒன்று கேட்க இருக்கிறது.

எங்கள் அம்மா தாராவியில் இட்லி அவித்து விற்றுத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். பகலில் ஊறவைத்து, ராத்திரி அரைத்து, விடிகாலை எழுந்து துணி போட்டு அவித்து, குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு சயான் பக்கம் போவார். இட்லித்துணியும் என் பள்ளிக்கூடச் சட்டையும் ஒரே கொடியில் காயும். என் சட்டையில் எப்போதும் மாவுப் புளிப்பு வாசனை இருக்கும். வகுப்பில் அதற்காகத் தள்ளி உட்கார்ந்த பையன்கள் உண்டு.

அம்மாவைப் பற்றி நானும் மெழுகுவர்த்திக் கவிதை எழுதியிருக்கிறேன். கல்லூரியில் பரிசுகூட வாங்கியது. இங்கே நடக்கிற பேச்சைப் படித்த பிறகு, முதல் முறையாக அதை அம்மாவிடமே படித்துக் காட்டினேன். இவ்வளவு வருஷம் ஏன் காட்டவில்லை என்று தெரியவில்லை. முழுக்கக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "நான் எங்கடா உருகினேன்? எனக்கு விக்கப் போறது பிடிச்சிருந்துச்சு. வித்து முடிச்சதும் சயான் டேசன் வாசல்ல ஒரு டீ குடிப்பேன். என் காசு. அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். அதை எழுது."

என் கேள்வி இதுதான். அம்மாக்களைப் பற்றி மகன்கள் எழுதுகிற கவிதை எல்லாம் தியாகமாகவே இருக்கிறதே, அது எங்களுக்கு வசதியாக இருப்பதால்தானோ? அவர் தனக்காகவும் வாழ்ந்தார் என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

செவிலி | ஞாயிறு, காலை 6.50

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். புகைக்குள் இருந்து பேசியிருக்கிறார். நான் கேட்டது இதைத்தான்.

தாலாட்டிலும் இது உண்டு. 'ஆரடிச்சு நீ அழுதாய்' என்று பாடுகிறவள் குழந்தையிடம் மட்டுமா கேட்கிறாள்? மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று வரிசையாகச் சொல்லும்போது வீட்டில் இருக்கிறவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் பாடுகிறாள். பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டில் தன் வழக்கையும் வைத்துவிடுவாள். என் பாட்டி அப்படித்தான், தாலாட்டிலேயே தாத்தாவைத் திட்டி முடித்துவிடுவாள்.

முலுண்ட்வாசி | ஞாயிறு, மதியம் 1.30

அவள் அப்பா வயிற்றின் மேல் தூங்குகிறாள். இதுதான் இப்போதைக்கு. தலைப்பு '8.14 ஸ்லோ'.

குர்லாவில் ஏறியவள் தோளில்
யாருடைய குழந்தையோ அழுதது.
என் ரவிக்கை நனைந்தது.

வீட்டில் என் மகள்
தூங்கிக்கொண்டிருப்பாள்.
பாலுக்கு அது தெரியவில்லை.

கிளிப் விற்கிறவள்
அட்டையை என் முன்னால் பிடித்தாள்.
"எத்தனை மாதம்?"
"ஏழு."

தாதர் வரைக்கும்
எதையும் விற்கவில்லை.

'இந்நேரம்', 'தன்', 'அவள்' மூன்றையும் எடுத்தேன். கடைசியில் 'அவள்' போனது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

வெண்பா விரும்பி | ஞாயிறு, மதியம் 2.40

'அவள்' வேண்டும் என்பது என் எண்ணம். 'எதையும் விற்கவில்லை அவள்' என்னும்போது வரி ஆள்மேல் வந்து நிற்கிறது. இல்லாவிட்டால் விற்காததில் போய் நிற்கிறது.

காலண்டர் தாள் | ஞாயிறு, மாலை 4.10

எனக்கு வேண்டாம். விற்காததில்தான் நிற்க வேண்டும். அன்றைக்கு அவள் வீட்டில் உலை எப்படி வைத்தாளோ என்ற நினைப்பு அப்போதுதான் வரும்.

தொண்ணூறடி ரோடு | ஞாயிறு, இரவு 9.15

அம்மா சொன்னதை எழுதினேன்.

எட்டு மணிக்குக்
குண்டான் காலி.
சயான் ஸ்டேஷன் வாசலில்
ஒரு கட்டிங் டீ.

சும்மாட்டை மடித்து
மடியில் வைத்துக்கொள்வாள்.
யாருடைய அம்மாவும் இல்லை
அந்த டீ ஆறுகிற வரை.

உரைகல் | ஞாயிறு, இரவு 9.40

சும்மாடு! தலைச்சுமைக்கு அடியில் சுருட்டி வைக்கிற துணி. எத்தனை வருஷமாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு. என் பெண்ணுக்கு இப்போதே படித்துக் காட்டுகிறேன். அம்மாவிடம் காட்டிவிட்டீர்களா?

தொண்ணூறடி ரோடு | ஞாயிறு, இரவு 10.25

காட்டினேன். சும்மாடு வரியில் தலையை ஆட்டினார். கடைசி வரியில் நிறுத்தச் சொன்னார். "ஆற விடுறதுக்கா காசு குடுத்தேன்? சூடாத்தான் குடிப்பேன்" என்றார்.

'அந்த டீ தீருகிற வரை' என்று மாற்றிவிட்டேன்.